ராத்தா வீட்டுச் சுவரும் உலக சபையும்

முழங்கை வரை சேறு, வலது கையில் தேங்காய் அளவு களிமண் உருண்டை, இடது புறங்கையால் முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு வாசலை மறித்து நின்றார் அவர். நான் முதுகில் மருந்துப் பம்ப்போடு முற்றத்தில் நின்றேன். மருந்து அடித்த பிறகு ஆறு மாதத்துக்குச் சுவரில் மண் பூசக் கூடாது, இது உலக சபையின் உத்தரவு என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த மண்ணைப் பார்த்தார், பாதி பூசிய சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "இது என்ட ஊடா, சபைட ஊடா, தம்பி?" என்று கேட்டார். என்னோடு வந்த இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேசத் தெரியும் என்பதற்காகவே வேலைக்கு எடுக்கப்பட்டவன் நான்.

கலேவெலையில் தம்புள்ளை பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, குளக்கட்டோடு இரண்டு மைல் நடந்தால் வரும் முஸ்லிம் கிராமம் அது. ஒரு பள்ளிவாசல், ஒரு தேத்தண்ணிக் கடை, மற்றதெல்லாம் தென்னோலை வேய்ந்த மண் வீடுகள். நோன்புப் பெருநாள் நெருங்கும்போது பெண்கள் குளத்து மண்ணையும் சாணியையும் பிசைந்து வீட்டின் உள்ளும் புறமும் பூசிவிடுவார்கள். பெருநாளன்று மண் பூசாத வீடு என்றால் அந்த வருடம் மவுத்து, அதாவது சாவு, விழுந்த வீடு என்று ஊர் நினைத்துக்கொள்ளும். எங்கள் மருந்தோ சுவரில் வெள்ளையாகப் படிந்து மாதக்கணக்கில் கிடக்க வேண்டிய மருந்து. மலேரியா நுளம்பு ஆளைக் கடித்து இரத்தம் குடித்த பாரத்தில் பக்கத்துச் சுவரில் போய் உட்காரும், உட்கார்ந்த இடத்தில் சாகும். அதன் மேல் ஒரு விரல் கனத்துக்கு மண் பூசிவிட்டால் நாங்கள் அடித்ததும் ஒன்று, அடிக்காததும் ஒன்று.

நான் ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி. மிச்சத்தை மாத்தளைக் கடைத்தெருவில், சாமான் சுற்றி வரும் பத்திரிகைத் தாளில் படித்தேன். சிங்களம் சந்தையில் நின்று வந்தது. தோட்டத்தில் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்த சொற்பப் பேரில் எங்கள் அப்பாவும் ஒருவர் என்பதால் மலேரியா ஒழிப்பு வேலைக்கு மனுப் போட முடிந்தது. எங்கள் இன்ஸ்பெக்டர் சிங்களவர். எல்லாரும் அவரை மாத்தயா என்றே மரியாதையாக அழைப்போம். அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: மருந்து அடிக்க விடமாட்டோம் என்று கதவைச் சாத்திக்கொள்கிற வீட்டில் நீ என்ன செய்வாய்? முதலில் குடிக்கத் தேத்தண்ணி கேட்பேன் என்றேன். பம்ப் தூக்க எத்தனையோ பேர் வருகிறார்கள், வாய் தூக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்து, அந்த இடத்திலேயே என் பெயரை எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து நான் அந்தக் குழுவின் வாய்.

அந்த வாசலில் வேறு வழி தோன்றாமல் இவரிடமும் தேத்தண்ணிதான் கேட்டேன். கேட்ட பிறகுதான் அது நோன்பு மாதம் என்பது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவரோ, "நோன்பு எங்களுக்குத்தானே, ஒங்களுக்கு எனத்துக்கு?" என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். விடியலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் படாத வாயோடு எனக்காக அடுப்பை மூட்டி, கருப்பட்டித் துண்டோடு வெறுந்தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். அந்தக் கோப்பையைக் கையில் வாங்கிய நேரத்திலிருந்து எனக்கும் அவர் ராத்தாதான்.

குடித்துக்கொண்டே பேசினேன். உலகத்திலுள்ள நாடுகளெல்லாம் ஒன்றாக உட்கார்ந்து ஒரு சபை வைத்திருக்கிறார்கள், இந்தக் காய்ச்சலை உலகத்தை விட்டே விரட்டுவது என்று அங்கே முடிவெடுத்திருக்கிறார்கள், இந்த மருந்தும் ஜீப்பும் அங்கிருந்துதான் வருகின்றன என்றேன். ஒரு வீட்டை விட்டுவிட்டாலும் நுளம்பு அங்கே போய்க் குடியிருக்கும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் முகத்தில் இன்னும் தயக்கம் இருந்தது. "கொஞ்ச வருசம் எல்லா வீடும் பொறுத்துக்கிட்டா, இந்தக் காய்ச்சல் திரும்பி வரவே வராதுங்க ராத்தா. இது சபையோட வாக்கு" என்று சொன்னேன். எங்களுக்குத் தந்த எந்தத் தாளிலும் வாக்கு என்ற சொல் கிடையாது. அது நான் போட்டது.

அவர் வாசல்படியில் உட்கார்ந்தார். பிறகு, தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வந்த பெரிய காய்ச்சலைப் பற்றிச் சொன்னார். ஒரே மாதத்துக்குள் உம்மாவும் இரண்டு தம்பிமாரும் போய்விட்டார்கள். உடலை வைக்கும் சந்தூக்கைத் தூக்க ஊரில் எழுந்து நிற்கக்கூடிய ஆம்பிளை நாலு பேர் இல்லாமல் பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து ஆட்கள் வந்து தூக்கினார்களாம். சொல்லிவிட்டு, பிசைந்த மண்ணைப் பழைய சாக்கால் மூடினார். "அப்படியெண்டா நான் பொறுக்கிறேன். ஆனா வாக்குத் தப்பினா சபைய நான் எங்க போய்த் தேடுற? ஒங்களத்தான் தேடுவேன்" என்றார்.

அந்தப் பெருநாளுக்கும் அதற்கடுத்த பெருநாட்களுக்கும் ராத்தா வீட்டுச் சுவர் வெள்ளைத் திட்டுத் திட்டாக, தேமல் விழுந்த முதுகு மாதிரியே இருந்தது. பெருநாள் பார்க்க வந்த சொந்தக்காரிகள் ஊட்டுல யாரு மவுத்து என்று கேட்டுக் கேலி செய்வார்களாம். காய்ச்சல்தான் மவுத்து என்று இவர் பதில் சொல்வாராம். எங்களுக்குக் கதவு திறக்காத வீடுகளுக்கு அவரே முன்னால் வந்தார். தேத்தண்ணிக் கடைக்காரரை ஊரில் காக்கா என்பார்கள், அண்ணன் என்று அர்த்தம். அந்தக் காக்காவின் பூனை மருந்து பட்ட கரப்பானைத் தின்று செத்துப்போனபோது, அவர் கடையை இழுத்து மூடிவிட்டு, "ஒங்கட சபையில பூனைக்கு ஒரு மெம்பர் இல்லையா?" என்று என்னை நடுவீதியில் நிறுத்திக் கேட்டார். ராத்தாதான் தன் வீட்டுக் குட்டியொன்றைக் கொண்டுபோய்க் கொடுத்து அந்தக் கடையைத் திறக்க வைத்தார். ஒரு தடவை, கதவில் உலக உருண்டை வரைந்த ஜீப்பில் வெள்ளைக்கார டொக்டர் ஒருவர் வந்தார். ராத்தா வீட்டுச் சுவரில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்து, ஒட்டிய வெள்ளைத் தூளை இன்ஸ்பெக்டர் மாத்தயாவிடம் காட்டித் தலையசைத்தார். சபை என் சுவரைத் தொட்டுப் பார்த்தது என்று ராத்தா அந்த ஊருக்கே சொல்லிக்கொண்டு திரிந்தார். மாத்தளைக்குக் கல்யாணத்துக்குப் போன இடத்திலும் சொன்னாராம்.

காய்ச்சல் உண்மையாகவே குறைந்தது. அதை மறைத்தால் இந்தக் கதை பொய்யாகிவிடும். தை, மாசியில் காய்ச்சலால் ஆளில்லாமல் கிடக்கிற வயல்களில் ஆட்கள் நின்றார்கள். பிறகு ஒருநாள் கலேவெலை ஒபிசில் எங்களை வரிசையாக நிற்கவைத்து, மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கையை மாத்தயா வாசித்தார். மருந்தடிப்பு நிற்கிறது. காய்ச்சல் முற்றாகப் போய்விட்டது என்று யாரும் சொல்லக் கூடாது, கிட்டத்தட்ட இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இனி யாருக்குக் காய்ச்சல் என்றாலும் விரலில் குத்தி ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் எடுத்து அனுப்ப வேண்டும், இதுவரை செய்ததை விட இதுதான் முக்கியம் என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னார்.

நான் ராத்தாவிடம் போய்ச் சொன்னது வேறு. போன நேரத்தில் அவருடைய மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். வீடு முழுக்கப் பெண்கள். என்னைக் கண்டதும், அப்ப நான் மண் பூசலாமா தம்பி என்று அவர் கேட்ட கேள்வியில் அத்தனை வருடத்து ஆசையும் இருந்தது. தாராளமாகப் பூசுங்கள், காய்ச்சல் நாட்டை விட்டே போய்விட்டது, உலக சபையே சொல்லியாகிவிட்டது என்றேன். பெண்கள் குரவையிடாத குறைதான். ஒருத்தி என் கையில் ஒரு தட்டு வட்டிலப்பத்தை வைத்தாள். இரத்தம் எடுக்க வேண்டிய கதையை அந்த இடத்தில் எடுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வட்டிலப்பத்தைத் தின்றேன். அந்த வாரமே ராத்தா பழைய மண்ணை மருந்தோடு சேர்த்துச் சுரண்டிக் கொட்டிவிட்டு, கம்பு தெரிகிற இடத்திலிருந்து புதிதாகப் பூசினார். ஊர் முழுக்க அதைப் பார்த்துப் பூசியது. கல்யாணத்தன்று அந்த வீடு மாதிரி ஒரு வீட்டை நான் பார்த்ததில்லை.

மருந்தடிப்பு நின்றதும் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. என்னை இரத்தம் எடுக்கிறவனாக மாற்றினார்கள். ஒரு சைக்கிள், ஊசிகளும் கண்ணாடித் துண்டுகளும் வைத்த தகரப் பெட்டி, ஒரு புத்தகம். கலேவெலையிலிருந்து நாவுலை வரை எனக்கு ஒருவனுக்கே. ஒவ்வொரு வீட்டிலும் காய்ச்சல்காரர் உண்டா என்று கேட்டு, இருந்தால் இரத்தம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இல்லை என்று எழுத வேண்டும். சனம் இதை விரும்பவில்லை. இரத்தத்தில் குற்றம் இருந்தால் மட்டும்தான் மேலிடத்திலிருந்து ஆள் வரும், இல்லாவிட்டால் ஒரு சொல்லும் வராது. விரலைக் குத்திக்கொண்டு போகிறவன் திரும்பி வந்து பதில் சொல்லாவிட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? எடுத்த இரத்தத்தைக் குளத்தில் கொட்டிவிட்டுப் போகிறீர்களா என்று காக்கா கேட்டார்.

அப்படியொரு பகல் நேரத்தில் ராத்தா வீட்டுக்குப் போனேன். உள்ளே பாயில் அவருடைய தங்கை மகன் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். நாவுலைக்கு அப்பால் காட்டுக்குள் மாணிக்கக் கல் தோண்டப் போய் இரண்டு நாளைக்கு முன் திரும்பியவன். போர்வை நடுங்குவது வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது. நான் பெட்டியைத் திறந்தேன். ராத்தா சிரித்துக்கொண்டு குறுக்கே வந்தார். "தண்ணிக்குள்ள நிண்டு மண் கழுவினா தடிமன், சளி வராம வேற எனத்த வரும்? காய்ச்சல் நாட்ட உட்டுப் போயிட்டுண்டு நீங்கதானே சொன்ன? புள்ளத்தாச்சி இருக்கிற ஊடு தம்பி, ரத்தம் கித்தம் வாணாம். இல்லண்டு எழுதிட்டுத் தேத்தண்ணியக் குடிங்க" என்றார். கல்யாணமான மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. உள்ளறை வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். ராத்தா, நான் அன்றைக்குச் சொன்னது முழுக்கச் சரியில்லை என்ற ஒரே வார்த்தை. அதைச் சொன்னால் அத்தனை வருடம் அவர் மண் பூசாமல் இருந்ததையும், பூசியதையும், ஊரைப் பூச வைத்ததையும் எல்லாம் என் வாயாலேயே கலைத்துப் போட வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. பெட்டியை மூடினேன். புத்தகத்தில் அந்த வீட்டுக்கு நேரே இல்லை என்று எழுதினேன். தேத்தண்ணியைக் குடித்தேன்.

அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான். ஒன்றரை மாதத்துக்குள் ஊரில் பாதிப் பேர் பாயில் கிடந்தார்கள். குளத்துக்கு அந்தப் பக்கமும், நாவுலைப் பக்கமும் அப்படித்தான் என்று செய்தி வரத் தொடங்கியது. ராத்தாவின் மகளை நினைவில்லாத நிலையில் மாட்டுவண்டியில் போட்டுப் பெரிய வீதிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் வயிற்றில் பிள்ளையோடு மவுத்தானாள். எனக்குச் செய்தி ஒபிசில் கிடைத்து, சைக்கிளை மிதித்துக்கொண்டு நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பள்ளிவாசல் மதிலோரம் ஆம்பிளைகளோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வீட்டுப் பக்கம் போகாமல் திரும்பிவிட்டேன்.

சில மாதங்களில் பம்ப்புகளைத் தூசி தட்டி எடுத்து மறுபடியும் எங்கள் முதுகில் ஏற்றினார்கள். இந்த முறை ராத்தா வாசலை மறிக்கவில்லை. அடிங்க என்று ஒரு சொல், அவ்வளவுதான். முற்றத்து மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். அடித்து முடித்து மற்றவர்கள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்த பிறகு நான் அவர் முன்னால் போய் நின்றேன். "அன்னைக்குத் தங்கச்சி மகனுக்குக் காய்ச்சல்னு எனக்குத் தெரியும் ராத்தா. தெரிஞ்சுதான் இல்லைன்னு எழுதினேன்" என்றேன். அவர் நிமிரவில்லை. நான்தானே எழுதச் சொன்ன என்றார். பிறகு, அந்த எழுத்து எங்கே போனது என்று கேட்டார். நான் சொன்னேன்: என் புத்தகத்திலிருந்து மாத்தயாவிடம், அங்கிருந்து கொழும்புக்கு, கொழும்பிலிருந்து சபைக்கு. அவர் யோசித்தார். இப்படி ஒரு யோசனை அவருக்கு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப அவங்களும் அந்த எழுத்த நம்பித்தானே இருந்திருக்காங்க" என்றார். "அவங்க வந்தாச் சொல்லிடுங்க தம்பி. இன்னொரு ஊருல மருந்த நிப்பாட்ட முந்தி அவங்களுக்குத் தெரியணும்."

அவர்கள் வரத்தான் செய்தார்கள். அதே உருண்டை வரைந்த ஜீப், வேறு இரண்டு டொக்டர்மார். கலேவெலை ஒபிசு முற்றத்தில் கதிரைகள் போட்டு எங்களை உட்காரவைத்து, மருந்தடிப்பு நின்ற காலத்தில் காய்ச்சல்காரர் யாரையாவது தவறவிட்டீர்களா, பயப்படாமல் சொல்லலாம் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதை எங்களுக்குச் சிங்களத்தில் சொன்னவர் மாத்தயா. எங்கள் புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வைத்தவர். பென்ஷனுக்கு இரண்டு வருடம் இருந்தவர். ஒவ்வொருவராக இல்லை என்றார்கள். என் முறை வந்தபோது மாத்தயா என்னைப் பார்க்கவில்லை, தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. இல்லை என்றேன். அந்த டொக்டர்களில் ஒருவர் அதையும் எழுதிக்கொண்டார்.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. இந்த நாட்டில் அந்தக் காய்ச்சல் இல்லை என்று அறிவித்து, அதற்கு உலக சபையின் சான்றிதழும் கிடைத்துவிட்டது. ரேடியோவில் கேட்டபோது என் மனைவி மகிழ்ந்தாள், நான் எழுந்து வெளியே போய்விட்டேன். சண்டையை நிறுத்த முடியாத சபை எதற்கு, பெரிய நாடுகளுக்கு வால் பிடிக்கிற சபை எதற்கு, அதை இன்னும் நம்பலாமா என்று கல்யாண வீடுகளில் என் மருமகன்மார் பிளேன்டி குடித்துக்கொண்டே வாதாடுகிறார்கள். அவர்கள் சொல்வதில் பலது சரி. பிழை விட்டால் ஏழை வீட்டு வாசலுக்கு வந்து பிழை என்று சொல்லத் தெரியாத சபை அது. இரத்தத்தை எடுத்தால் பதில் சொல்ல வேண்டும் என்றுகூட அதற்குத் தெரியவில்லை. கையெழுத்து வைத்தவரையே மொழிபெயர்க்க வைத்து உண்மை கேட்டது. ஆனாலும் அது கேட்டது. வந்து, கதிரை போட்டு, கேட்டது. நீங்கள் அந்தக் காலத்தில் அதில் வேலை செய்தவராச்சே மாமா, என்ன சொல்றீங்க என்று அவர்கள் என் பக்கம் திரும்பும்போது நான் வெற்றிலைத் தட்டைத் தேடுவேன். எட்டுத் திக்கும் பேசித் திரிந்த எனக்கு இந்த ஒரு விஷயத்தில் வாய் திறக்க உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

டொக்டர்மார் வந்து போன பிறகு, அடுத்த சுற்று மருந்தடிப்புக்கு நான் அந்த ஊருக்குப் போனேன். அந்த நேரம் சனத்துக்கு எங்கள் மேல் நம்பிக்கை அறவே இல்லை. ராத்தாவின் பக்கத்து வீட்டுக்காரி எங்களைக் கண்டதும் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டாள். ராத்தா வேலியோரம் நின்று என்னைக் கூப்பிட்டார். மெலிந்து போயிருந்தார். வேறெதுவும் விசாரிக்கவில்லை.

"அவங்களுக்குச் சொன்னீங்களா தம்பி?"

"சொன்னேன் ராத்தா."

"எனத்த சொன்னாங்க?"

"எழுதிக்கிட்டாங்க."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெரிய பாரமொன்றை இறக்கிவைத்தவர் போல வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டார். அப்ப சரி, இனிக் கவனமா இருப்பாங்க என்றார். பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"கதவத் தொறந்து உடு புள்ள. அவங்களுக்கு இப்பத் தெரியும்."

உள்ளே தாழ் விலகும் சத்தம் கேட்டது. நான் பம்ப்பைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன்.